பொட்டு வைத்த காஸ்கெட்

1

இந்தக் கதை என் வீட்டுக் குக்கரிலிருந்து தொடங்கியது. செம்பூரில் நான் குடியிருக்கும் பகுதியில் பாத்திரக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கியும் அந்தப் பழைய குக்கருக்குப் பொருந்தும் ரப்பர் வளையம் கிடைக்கவில்லை. மூடியைச் சுற்றி ஆவி போய்க்கொண்டே இருந்தது. விசில் வரவில்லை, பருப்பு வேகவில்லை. தாராவியில் ஒரு கடையில் எந்த அளவுக்கும் ரப்பர் வெட்டிக் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். மழை சற்று விட்டிருந்த ஒரு மதியம், குக்கர் மூடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெரியவர் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளது நம்மகிட்ட கெடையாது. சோத்துக்கு வெள்ளை ரப்பர் வேணும். இங்க கெடக்கது பூரா பம்புக்கும் பைப்புக்கும் உள்ளது. இதை வச்சு ஆக்குனா சாம்பார்ல டயர் வாசம் அடிக்கும், பாத்துக்கிடுங்க."

அப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் உள்ளே வந்தாள். நான் மூடியோடு ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவர்கள் பேசியதில் பெரும்பகுதி எனக்குக் கேட்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி நின்ற ஓர் இடைவெளியில் பெரியவர் சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஷீட்டு சரியான ஷீட்டுதான், மேடம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதிய."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திரும்பும்போது ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சரக்கு சரியில்லாதவன் 'மேலே கேட்காதே' என்று சொன்னால் புரிகிறது. சரக்கு சரியாக இருக்கிறவன் வாயை மூடமாட்டான். பில்லை எடுப்பான், ரப்பர் ஷீட் கம்பெனிக்குப் போன் போடுவான், பக்கத்துக் கடைக்காரனைச் சாட்சிக்கு இழுப்பான். இவர் ஏன் நிறுத்தினார்?

இதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கட்டிய வீடு. பெயர்கள் நான் வைத்தவை. அந்தப் பெண்ணின் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

2

பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கியபோது 'பொருள்' என்று ஒரு வரியை முதலில் எழுதச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

பொருள்: ஒரு ரப்பர் வளையம் ஏன் கசிந்தது என்பதும், அதைச் சொல்ல வேண்டியவர் ஏன் சொல்லவில்லை என்பதும்.

இனி தொடக்கம். மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: ஐரோலியில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல்கள் கிடையாது. உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தன. அவற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீர் குழாய்களில் [நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு மனிதர்கூட வரவில்லை. கம்ப்யூட்டருக்கு வியர்ப்பதைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை.]

இரண்டாவது தொடக்கம்: பேச்சிராஜா எண்ணெய்த் துணியை எடுத்தான். [இது நல்ல தொடக்கம். ஆனால் கதை முழுக்க இந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் வைத்துக்கொள்கிறேன்.]

மூன்றாவது தொடக்கம்: நாகூர் கனி நேர்மையானவர். [எழுதிய கையோடு அடித்துவிட்டேன். 'நேர்மையானவர்' என்று யாராவது ஆரம்பித்தாலே நாம் அவர் பையைச் சோதிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.]

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு இரும்புக் குழாய்களை முகத்தோடு முகம் வைத்து எவ்வளவு இறுக்கி முடுக்கினாலும் தண்ணீர் நடுவில் வழி கண்டுபிடித்துவிடும். இரும்புக்கு இரும்பு ஒத்துப்போகாது. நடுவில் விட்டுக்கொடுக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். அதுதான் காஸ்கெட். முதல் தொடக்கத்தில் வந்த ஜன்னலில்லாத கட்டடம்போல, கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ஓடும் டேட்டா சென்டர்களில் அதைத் தேர்ந்தெடுப்பது தனி வேலை. குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்க்கு ஒரு ரப்பர். கரண்டு போனால் ஓடும் ஜெனரேட்டரின் டீசல் குழாய்க்கு வேறு ரப்பர். கதவு இடுக்கில் குளிர்காற்று போகாமல் அடைக்க இன்னொன்று. தேர்ந்தெடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எவ்வளவு தாங்கும்' என்பதல்ல. 'இது எதைத் தாங்காது' என்பதுதான்.

நம் கதைக்கு இரண்டு ரப்பர் போதும். ஈ.பி.டி.எம். என்று ஒன்று. தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துவிடும். நைட்ரைல் என்று இன்னொன்று. அது எண்ணெயில் ஊறிக் கிடந்தாலும் அசையாது.* இரண்டும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது.

* இந்தப் பெயர்களை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். இனி முதலாவதைத் தண்ணீர் ரப்பர் என்றும், இரண்டாவதை எண்ணெய் ரப்பர் என்றும் சொல்கிறேன்.

3

அந்தப் பெண்ணுக்குப் பத்மஜா என்று பெயர் வைத்தேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கும் குடும்பம். அவள் வேலை பார்ப்பது ஐரோலி டேட்டா சென்டரின் பராமரிப்புப் பிரிவில். எந்தக் குழாய்க்கு எந்த ரப்பர் என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு.

[முதல் பிரதியில் இவள் கௌசிக் என்ற ஆணாக இருந்தாள். அவன் கடைக்கு வந்ததும் கத்தினான். கத்துகிறவனிடம் 'மேலே கேட்காதே' என்று யாரும் தாழ்ந்த குரலில் சொல்லமாட்டார்கள். அதனால் கௌசிக்கை அனுப்பிவிட்டேன். பத்மஜா கத்தமாட்டாள். அவள் கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அது இன்னும் கஷ்டம்.]

பெரியவருக்கு நாகூர் கனி என்று பெயர். ஊர் மேலப்பாளையம். தாராவியில் கடை வைத்து ரப்பர் ஷீட் வாங்கி வெட்டிக் கொடுக்கிறார். கடையில் வெட்டுகிறவன் பேச்சிராஜா, நாங்குநேரிப் பக்கத்துக்காரன். இருவரும் தவிர அந்தக் கடைக்குள் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லை. நான் நின்றதே பாதித் தெருவில்தான்.

ஐரோலிக் கட்டடத்தின் ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் ரப்பர் வெட்டிக் கொடுப்பது நாகூர் கனியின் கடைதான். ரெடிமேடாக வாங்கும் பழக்கம் வந்த பிறகு மற்ற வாடிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. இந்த ஒரு கட்டடம்தான் மிச்சம். போன வருஷம் பம்பு அறையில் பழைய அளவுக் குழாய்களுக்குப் புது வளையம் தேவைப்பட்டபோது, பத்மஜா தண்ணீர் ரப்பர் என்று சரியாகத் தேர்ந்தெடுத்து இவரிடமே கொடுத்தாள். தண்ணீர் ரப்பர் அந்தக் கடைக்குப் புதிது. அதுவே முதல் ஆர்டர்.

4

மே மாதக் கடைசியில் கசிந்தது.

பம்பு அறையில் ஒரு குழாய் இணைப்பிலிருந்து தண்ணீர் விசிறியடித்தது. பம்பை நிறுத்தினார்கள். குளிர்நீர் நின்றதும் மேலே ஒரு கூடம் முழுவதும் சூடு ஏறி, கம்ப்யூட்டர்கள் தங்களைத் தாங்களே அணைத்துக்கொண்டன. ஒரு பிற்பகல் முழுக்க யார் யாருடைய வேலையோ நின்றது. [அன்று மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறிக்குப் பணம் அனுப்ப முடியாமல் என் போன் சுற்றிக்கொண்டே இருந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான் இந்தக் கதையில் குக்கர் மூடியோடு நிற்பது போதும்.]

இணைப்பைக் கழற்றிப் பார்த்தபோது வளையம் ஊதி, விளிம்பு பிதுங்கிக் கிழிந்திருந்தது. தண்ணீர் ரப்பர் எண்ணெய் குடித்தால் எப்படி ஆகுமோ அப்படி.

அறிக்கை எழுத வேண்டியவள் பத்மஜா. அதில் 'கசிவின் காரணம்' என்று ஒரு கட்டம். அவள் மேலதிகாரி அதற்கு இரண்டே பதில்தான் உண்டு என்றார்.

"ஒண்ணு நீ தப்பான மெட்டீரியல் செலக்ட் பண்ணியிருக்கணும். இல்ல, அந்தக் கடைக்காரன் மெட்டீரியலை மாத்திக் கொடுத்திருக்கணும். மண்டேக்குள்ள எழுதிக் கொடு."

முதலாவது உண்மையில்லை என்று ஆர்டர் காகிதத்திலேயே இருந்தது. இரண்டாவதை எழுதினால், சரக்குக் கொடுப்பவர்களின் பட்டியலிலிருந்து நாகூர் கனியின் கடைப் பெயர் போய்விடும். பட்டியலிலிருந்து போனால் கடையும் போய்விடும். அதையும் மோசடிக்காரர் என்ற பெயரோடு.

பத்மஜா அவசரப்படவில்லை. கிழிந்த வளையத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி டீசலில் போட்டுப் பார்த்தாள். அது மேலும் ஊதியது. அப்படியென்றால் ஷீட் மாறவில்லை, தண்ணீர் ரப்பரேதான். ஆனால் அந்தக் குழாயில் எண்ணெயே கிடையாது. எண்ணெய் எங்கிருந்து வந்தது? அதைக் கேட்கத்தான், மீதி வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் தாராவிக்கு வந்தாள்.

5

நான் ஓரமாக நின்றபோது கேட்காமல் போன பேச்சை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

"வாங்க மேடம். நனைஞ்சிட்டியளா? ஏலே பேச்சி, அந்த ஸ்டூலத் தொடச்சுப் போடு."

"எந்தத் துணியில பாய்? கெடக்கது பூரா எண்ணெய்த் துணி. மேடம் சுடிதாரு போயிரும்."

"பரவால்ல, நிக்கறேன்," என்றாள் பத்மஜா. பாலித்தீன் உறையோடு வளையத்தை நீட்டினாள். காய்ந்த சேறுபோல் சாம்பல் நிறத்தில் ஏதோ அதன்மேல் அப்பியிருந்தது.

பேச்சிராஜா எட்டிப் பார்த்தான். "என்ன மேடம், அதிரசம் கணக்கா உப்பியிருக்கு."

"இது உங்க கட்டிங்தானே?"

"கட்டிங் நம்மளதுதான். உள்வட்டத்தப் பாருங்க, இப்படி எவன் வெட்டுவான்? ஷீட்டு வேணா மாறியிருக்கும். பாய்க்கு வயசாயிட்டு. கண்ணாடி போடச் சொன்னா கேக்க மாட்டேங்காரு."

"ஒன் வாய்க்கு மொதல்ல ஒரு காஸ்கெட் வெட்டணும்லே," என்றார் நாகூர் கனி.

"ஷீட் மாறல," என்றாள் பத்மஜா. "நான் டீசல்ல போட்டுப் பார்த்துட்டேன். தண்ணி ரப்பர்தான். ஆனா எங்கேயோ எண்ணெய் குடிச்சிருக்கு. எங்க லைன்ல எண்ணெயே கிடையாது, பாய். மாட்டினவாளும் கிரீஸ் தடவலேன்னு சத்தியம் பண்றா. இங்க வெட்டறச்சே ஏதாவது பட்டிருக்குமா?"

நாகூர் கனி வளையத்தை உறையிலிருந்து எடுத்தார். நகத்தால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைத் திரும்ப உறைக்குள் வைத்தார். வைக்கும்போது ரொம்பக் கவனமாக வைத்தார்.

"நம்ம கடையிலயா? சான்ஸே இல்ல மேடம்," என்றான் பேச்சிராஜா. "இது எப்பேர்ப்பட்ட சரக்கு தெரியுமா? சாமி முன்னால ரெண்டு நாளு இருந்துட்டு வந்த..."

"பேச்சி." நாகூர் கனியின் குரல் உயரவில்லை. "மேடத்துக்கு டீ சொல்லிட்டு வா. இஞ்சி தட்டிப் போடச் சொல்லு."

"போன் அடிச்சா கொண்டாருவான்லா."

"நடந்து போயி சொல்லுலே."

பேச்சிராஜா மழைக்குத் தலையில் ஒரு ரப்பர்த் துண்டைக் கவிழ்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். தகரம் அடிக்கும் சத்தம் நின்றது. அப்போதுதான் நாகூர் கனி அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

6

இனி எண்ணெய்த் துணி.

ஆயுத பூசைக்குக் கடையைக் கழுவி, ரப்பர் வெட்டும் பிரஸ்ஸையும் அச்சுகளையும் துடைத்து, படத்துக்கு மாலை போட்டு, பொரி கடலை வைப்பது பேச்சிராஜா. பூவும் பொரியும் வாங்கி வருவது நாகூர் கனி. பூசை நடக்கும்போது அவர் வாசலில் நிற்பார். முடிந்ததும் முதல் பொரிப் பொட்டலம் அவருக்குத்தான். இதை ஒற்றுமை, நல்லிணக்கம் என்றெல்லாம் அங்கே யாரும் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு கடை, இரண்டு பேர். ஒருவனுக்குப் பூசை உண்டு. மற்றவருக்குப் பூக்காரன் பழக்கம்.

பேச்சிராஜாவுக்கு ஒரு வழக்கம். பூசை சமயத்தில் கையில் எந்த ஆர்டர் முடிந்திருந்தாலும் அதையும் சாமி முன்னால் அடுக்குவான். அடுக்கும் முன் ஒவ்வொரு வளையத்தையும் மெஷின் எண்ணெய்த் துணியால் நன்றாகத் தேய்த்து மினுங்க வைப்பான். ஆளுக்கொரு சந்தனக் குங்குமப் பொட்டு. இத்தனை வருஷமும் அவன் தேய்த்தது எண்ணெய் ரப்பர். அதற்கு எண்ணெய் என்றால் பச்சைத் தண்ணீர் மாதிரி. ஒன்றும் ஆனதில்லை.

போன வருஷம் சாமி முன்னால் இருந்தது தண்ணீர் ரப்பர்.

வாசலில் நின்ற நாகூர் கனி அதைப் பார்த்தார். பேச்சிராஜா எண்ணெய் டப்பாவைத் துணியில் கவிழ்த்து, சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி மினுங்குது பாத்தியளா பாய்? மாப்பிள்ளை கணக்கா."

நாகூர் கனிக்கு வாய் வரைக்கும் வந்தது. 'அதுக்கு எண்ணெய் ஆகாதுலே' என்பது நீளமான பேச்சில்லை. ஆனால் வளையங்கள் அதற்குள் படத்தின் முன்னால் இருந்தன. பொட்டு வைத்தாகிவிட்டது. சூடம் ஏற்றியாகிவிட்டது. சாமி முன்னால் வைத்த ஒன்றை எடு என்று அவர் சொல்ல வேண்டும். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்னவோ. அந்த வருஷம் தெருவின் நவராத்திரிப் பந்தலுக்குச் சந்தா கேட்டு வந்த பையன்கள் முதல் தடவையாகக் கடை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். கேட்டுவிட்டுச் சந்தாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் கேட்டிருந்தார்கள்.

லீவு முடிந்ததும் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கடை திறந்த அன்று அவர் வருவதற்குள் பேச்சிராஜா எல்லாவற்றையும் உறைக்குள் போட்டு டெம்போவில் ஏற்றியிருந்தான். ஒரு பூச்சு எண்ணெய்தானே, பெரிதாக என்ன ஆகிவிடும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். [ஷீட் வியாபாரிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்ததை ஒத்திப்போடுவது எப்படி என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.]

ஆக, பத்மஜா கேட்ட கேள்விக்கு விடை இதுதான்:

[பூசை எண்ணெய் பட்டு ரப்பர் ஊதிப்போச்சு.]

அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். ஏனென்றால் இதுவரை கதைக்குள் யாரும் இதைச் சொல்லவில்லை.

7

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரியவர் அநாவசியமாகப் பயப்படுகிறாரோ? நான் அவருக்கு இல்லாத பயத்தைக் கொடுக்கிறேனோ? சோதிக்க ஒரே வழிதான் தெரிந்தது. கடைக்காரரின் பெயரை மட்டும் மாற்றி அதே காட்சியை மறுபடி எழுதினேன்.

கணேசபாண்டியன் வளையத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், நம்ம பய ஆயுத பூசைக்கு எண்ணெயத் தேச்சுப்புட்டான். பூசை எண்ணெய் பட்டு ரப்பர் ஊதிப்போச்சு. ஏலே கிறுக்குப் பயலே, இங்க வா." பேச்சிராஜா நாக்கைக் கடித்துக்கொண்டான். பத்மஜா சிரித்துவிட்டாள். கணேசபாண்டியன் தன் செலவில் புது வளையம் வெட்டிக் கொடுத்தார். முற்றும்.

கதை கால் பக்கத்தில் முடிந்துபோனது. வேடிக்கைக் கதையாகவும் ஆகிவிட்டது.

பிறகு பெயரைத் திரும்ப நாகூர் கனி என்று மாற்றி, அதே வாக்கியத்தை அவர் வாயில் வைத்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. வைத்துவிட்டு வாசித்தேன். என் அறையில் யாருமில்லை. இருந்தாலும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

சோதனை முடிந்தது. பயத்தை நான் கொடுக்கவில்லை.

[சரியாகச் சொல்ல வேண்டும். பேச்சிராஜா அவர் சொன்னாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான், பத்மஜாவும் சிரித்திருப்பாள் என்று படிக்க இடமிருக்கிறது. இந்த மூன்று பேருக்குள் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த வாக்கியம் மூன்று பேரோடு நிற்காது. பேச்சிராஜா ஓட்டைவாய். டீக்கடையில் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு சொல்வான். கேட்டவன் அடுத்தவனிடம், 'பூசையால சரக்கு கெட்டுப்போச்சுன்னு பாய் சொன்னாராம்' என்பான். அதற்கு அடுத்தவன் எப்படிச் சொல்வான் என்று நான் எழுதவில்லை.]

8

பத்மஜா அன்று மாலை வீட்டில் அந்த வளையத்தைக் கழுவினாள். அறிக்கையோடு படம் எடுத்து வைக்க வேண்டும். சமையலறைக் குழாயடியில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தபோது மேலே அப்பியிருந்த சாம்பல் நிறச் சேறு கரைந்து கீழே கறுப்பு தெரிந்தது. கறுப்பின்மேல், போல்ட் ஓட்டைகளுக்கு வெளியே, தண்ணீர் படாத விளிம்போரத்தில், சுண்டுவிரல் நுனி அகலத்துக்கு மங்கிய செம்மஞ்சளாக ஒரு வட்டம்.

துரு என்று முதலில் நினைத்தாள். துரு இவ்வளவு வட்டமாக வராது. நிமிர்ந்தபோது எதிரில் ஃபிரிட்ஜ் நின்றது. அதன் கதவில் போன நவராத்திரிக்கு அவள் அம்மா வைத்த பொட்டு. துடைக்கத் துடைக்கப் போகாமல் அதே செம்மஞ்சளில், அதே அகலத்தில்.

'சாமி முன்னால ரெண்டு நாளு.' பேச்சிராஜா பாதியில் விட்டது இப்போது முழுதாகக் கேட்டது. எல்லாம் எண்ணெய்த் துணி என்று அவன் சொன்னதும் கேட்டது.

அவள் நாகூர் கனிக்குப் போன் செய்தாள்.

"பாய், நவராத்திரிக்குக் கடையில பூஜை உண்டா?"

போனில் அவருக்குப் பின்னால் எங்கோ பாங்கு கேட்டது.

"உண்டும். பேச்சி செய்வான்."

"வளையத்துல பொட்டு இருக்கு, பாய்."

"ம்."

"அப்ப எண்ணெய்..."

"பூ நான்தான் மேடம் வாங்கிக் கொடுத்தேன்," என்றார் அவர். "வாசல்லதான் நின்னேன். பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"நீங்க இதை அப்பவே சொல்லியிருக்கலாமே. இன்னிக்காவது சொல்லியிருக்கலாமே."

"மேடம், ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. கெழவன் ஷீட்ட மாத்திட்டான்னே எழுதிருங்க. உங்களுக்கும் ஒண்ணும் வராது. அது ரப்பர் பேச்சு, ரப்பரோட போயிரும். மத்தது அப்படிப் போவாது."

"நீங்க மாத்தலையே."

"நான் மாத்தலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். போதும்லா."

[இங்கே பத்மஜா அழுவதாக ஒரு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டு, ஈர வளையத்தைத் துண்டால் துடைத்தாள். பொட்டின்மேல் மட்டும் துடைக்கவில்லை.]

9

முடிவுகள்.

அ. பத்மஜா உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுச் சிரித்து, 'சுவாரசியம்' என்று நாலு பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் வேறு சிலருக்கு அனுப்புகிறார்கள். அவள் எழுதிய வரி அவளுக்கு முன்னால் தாராவிக்கு வந்துசேர்கிறது. ஒரு நாள் காலையில் கடையைத் திறக்க வந்த நாகூர் கனி ஷட்டரின் மேல்

[இதற்கு மேல் எழுதவில்லை. ஷட்டரில் ஏதோ இருந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லாத ஷட்டரையும் அவர் அன்றிலிருந்து தினமும் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்.]

ஆ. அவர் சொன்னபடியே எழுதுகிறாள். கடைப் பெயர் பட்டியலிலிருந்து போகிறது. நாகூர் கனி கடையை மூடிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறார். பேச்சிராஜாவுக்கு வேறு பட்டறையில் வேலை கிடைக்கிறது. அங்கே யாராவது கேட்டால், "பாய் நல்ல மனுஷன்தான். கடைசில ஷீட்டுல கை வச்சுட்டாரு, அதான்," என்பான். வருத்தமாகத்தான் சொல்வான். நம்பித்தான் சொல்வான்.

இந்த முடிவை எழுதியபோது கை நின்றுவிட்டது. இருக்கிற முடிவுகளில் இதுதான் பத்திரமானது. பத்திரமானதெல்லாம் இவ்வளவு அசிங்கமாக இருக்க வேண்டுமா?

இ. 'காரணம் உறுதியாகவில்லை' என்று எழுதுகிறாள். மேலதிகாரி திட்டுகிறார். அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கிறாள். கடைசியில், சரி, அந்தக் கடைக்கு இன்னொரு சந்தர்ப்பம், மறுபடி கசிந்தால் ஆளையே எடுத்துவிடு என்கிறார். மாதக்கணக்கில் இழுத்த பிறகு நாகூர் கனிக்குப் புது ஆர்டர் போகிறது. அதே பம்பு அறை, அதே அளவு, அதே தண்ணீர் ரப்பர்.

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். யார்மேலும் பொய்ப்பழி விழவில்லை, யார் கடையும் போகவில்லை. குழம்பிய மனசுக்கு ஒரு நடுவழி. தலைப்பு எழுதி, தேதி போடக் காலண்டரைப் பார்த்தேன்.

ஷீட் வந்து, வெட்டி முடித்து, சரக்கு ஐரோலிக்குப் போக வேண்டிய நாள் விஜயதசமிக்கு அடுத்த நாள்.

10

ஆகவே இது முடிவு இல்லை.

ஆயுத பூசையன்று, வெட்டி முடித்த வளையங்கள் கடையில் இருக்கும். பேச்சிராஜா பிரஸ்ஸைத் துடைப்பான், அச்சுகளைத் துடைப்பான், பிறகு வளையங்களை எடுப்பான். போன தடவை கசிந்த சரக்கல்லவா, இந்தத் தடவை கூடுதல் பக்தியோடு தேய்ப்பான். தன் கைதான் காரணம் என்று இன்றுவரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நாகூர் கனி சொல்ல வேண்டும். 'ரப்பருக்கு எண்ணெய் வேண்டாம்லே' என்றால் போதும் என்பீர்கள். அவன் விடமாட்டான். 'ஏன் பாய், இத்தனை வருஷம் தேச்சோம்லா?' என்பான். அதற்குப் பதில் சொன்னால் அடைப்புக்குறி உடைந்துவிடும். பதில் சொல்லாவிட்டால், சாமி காரியத்தில் பாய் இந்த வருஷம் குறுக்கே பேசினார் என்பது மட்டும் அவனிடம் மிஞ்சும். வாயே திறக்காவிட்டால் மே மாதத்துக்குள் மறுபடி கசியும். அன்றைக்குக் கட்டத்தில் எழுதப் பத்மஜாவிடம் வேறு வார்த்தை இருக்காது.

முன்தினமே வெட்டி அனுப்பிவிடலாமே என்று ஒரு வழி தேடினேன். ஷீட் வரவில்லை என்று எழுதிவிட்டேன். என் கதையில் எனக்கே இரக்கம் இல்லை என்று நினைப்பீர்கள். இரக்கம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை வழி விட்டபோதும் அவர் அதன் வழியாகப் பேசாமல் தப்பித்துப் போனார். தப்பித்துப் போனவர் அடுத்த வருஷம் அதே வாசலில் நின்றார்.

அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. குக்கரை இன்னும் மாற்றவில்லை. இதை எழுதும்போதும் சமையலறையில் மூடியைச் சுற்றி ஆவி போகும் சத்தம் கேட்கிறது.

கடைசிக் காட்சியை இதுவரைதான் எழுதியிருக்கிறேன்:

கடை கழுவிவிட்ட ஈரத்தோடு இருக்கிறது. படத்தின் கீழே வாழையிலை. பேச்சிராஜா குந்தி உட்கார்ந்திருக்கிறான். இடது கையில் கறுப்பு வளையம், மடியில் துணி. எண்ணெய் டப்பாவின் மூடியைப் பல்லால் திறக்கிறான். சூடம் இன்னும் ஏற்றவில்லை. பொட்டு இன்னும் வைக்கவில்லை. வாசலில் ஒருவர் வந்து நிற்கும் நிழல் வளையத்தின் மேல் விழுகிறது.

நான் முதல் நாளைப் போலவே குக்கர் மூடியோடு ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன். பக்கத்துப் பட்டறையில் தகரம் அடிக்கவில்லை. இன்று அங்கும் பூசை. வாசலில் நிற்பது நீங்கள். பூப்பொட்டலம் உங்கள் கையில் ஈரமாக இருக்கிறது.

பேச்சிராஜா டப்பாவைச் சாய்க்கப் போனவன் நிமிர்ந்து பார்க்கிறான்.

"என்ன பாய், என்னமோ சொல்ல வந்திய?"